விடியும்வரை தணியாத தணல்

அலாஸ்காவின் நடுப்பகுதியில் இருக்கும் ஃபேர்பேங்க்ஸ் நகரில், டிசம்பர் கடைசியில் சூரியன் நாலு மணி நேரம்கூட வானில் நிற்பதில்லை. குளிர் மைனஸ் 40 டிகிரிக்கு இறங்குவது அங்கே அதிசயமும் இல்லை. செல்சியஸில் சொன்னாலும் ஃபாரன்ஹீட்டில் சொன்னாலும் அது மைனஸ் 40தான். இரண்டு அளவுகளும் சந்திக்கும் புள்ளி அது. பெரும்பாலான வீடுகளில் எண்ணெயில் ஓடும் கொதிகலன் உண்டு. ஆனால் எண்ணெய் விலை கையைக் கடிக்கும்போது, சுற்றியுள்ள காடுகளில் கிடைக்கும் பிர்ச் மரமும் ஸ்ப்ரூஸ் மரமும்தான் கைகொடுக்கின்றன. கூடத்தில் ஒரு இரும்புக் கணப்பு, கொல்லையில் மலைபோல் விறகு என்பது அந்த ஊரில் சாதாரணக் காட்சி.

பகலில் கட்டை தீரத் தீரப் போட்டுக்கொள்ளலாம். இரவில்தான் சிக்கல். பத்து மணிக்குப் படுக்கப் போகிறவர் ஆறு மணிக்கு எழும்போது அறை சூடாக இருக்க வேண்டும். தீக்குச்சி கிழிக்காமல் புதுக் கட்டையைப் பற்றவைக்கும் அளவுக்காவது உள்ளே கங்கு மிஞ்சியிருக்க வேண்டும். எட்டு மணி நேரம் யாரும் தொடாமல் ஒரு நெருப்பை எரியவைப்பது எப்படி? வட அமெரிக்காவிலும் வட ஐரோப்பாவிலும் விறகை நம்பி வாழும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக மல்லுக்கட்டும் கேள்வி இது.

முதலில் தோன்றும் விடை எளிது: பெட்டி நிறையக் கட்டையை அடைத்துவிட்டு, காற்று வரும் வழியை மூடிவிட வேண்டியது. காற்று குறைந்தால் நெருப்பு மெதுவாக எரியும், விறகும் விடியும்வரை வரும். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் லட்சக்கணக்கானோர் விறகுக்குத் திரும்பினார்கள். அப்போது விற்றுத் தீர்ந்தவை காற்றுப் புகாத இரும்புக் கணப்புகள். நார்வேயில் 1853இல் தொடங்கிய யோட்டுல் நிறுவனத்தின் அடுப்புகள் கடல் தாண்டி வந்தன. வெர்மான்ட் மாநிலத்தில் 1975இல் வெர்மான்ட் காஸ்டிங்ஸ் பிறந்தது. கதவை இறுக மூடி, காற்றை அடக்கினால் இரவெல்லாம் கனலும் என்பதுதான் அவற்றின் பெருமை. கனன்றது உண்மை. ஆனால் அந்த வீடுகளின் புகைபோக்கிகளில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதைப் புரிந்துகொள்ள, விறகு எரியும் விதத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும்.

கட்டை நேரடியாக எரிவதில்லை. சூடேறும்போது முதலில் அதிலிருக்கும் நீர் ஆவியாகிறது. சுமார் 250, 300 டிகிரி செல்சியஸில் மரம் சிதையத் தொடங்கி, எரியக்கூடிய வாயுக்களாகவும் தார்த் துளிகளாகவும் வெளியேறுகிறது. நாம் புகை என்று பார்ப்பது பெரும்பாலும் அதைத்தான். அந்தப் புகைக்குப் போதிய காற்றும், ஏறக்குறைய 600 டிகிரி வெப்பமும் கிடைத்தால் அதுவே சுடராகிறது. வாயு எல்லாம் போன பிறகு மிஞ்சுவது கரி. அதுதான் தணலாக நீண்ட நேரம் நிற்கிறது. விறகின் ஆற்றலில் பாதிக்கு மேல் இருப்பது இந்தப் புகையில். காற்றை அடைத்து, நெருப்பை மூச்சுத் திணற வைத்தால் அந்தப் பாதி எரியாமலே கூரைக்கு மேல் போய்விடுகிறது.

போகிற வழியில் அது சும்மா போவதில்லை. புகைபோக்கியின் உட்சுவர் சுமார் 120 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருந்தால், நீராவியும் தாரும் அங்கே படிகின்றன. கிரியோசோட் எனப்படும் இந்தப் படிவு முதலில் கரித்தூள் போல இருக்கும். பிறகு பொருபொருவென்று செதிலாகும். கடைசியில் கறுத்து மினுமினுக்கும் கெட்டித் தாராக ஒட்டிக்கொள்ளும். இது எரிபொருள். ஒருநாள் காலை யாரோ காற்றை முழுதாகத் திறந்து பெரிய தீ மூட்டும்போது, குழாய்க்குள்ளேயே பற்றிக்கொள்ளும். ரயில் ஓடுவதைப் போன்ற இரைச்சலுடன் 1,000 டிகிரியைத் தாண்டும் அந்தத் தீ, புகைபோக்கியைப் பிளந்து கூரை மரங்களில் தாவினால் வீடே போய்விடும். ஆண்டுக்கு ஒருமுறையாவது புகைபோக்கியைச் சோதித்துப் பெருக்க வேண்டும் என்று தீயணைப்புத் துறையினர் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

ஆக, இரவு முழுக்க எரிய வேண்டும், ஆனால் புகையக் கூடாது. இதற்கான வேலை படுக்கப் போகும் நேரத்தில் ஆரம்பிப்பதில்லை; ஒரு வருடத்துக்கு முன்பே ஆரம்பித்துவிடுகிறது, விறகு காயவைப்பதில்.

பச்சை மரத்தின் எடையில் பாதி வரை நீர் இருக்கும். நன்கு காய்ந்த விறகில் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். பிர்ச், ஸ்ப்ரூஸ் எல்லாம் கோடையின் தொடக்கத்திலேயே பிளந்து அடுக்கினால் குளிர்காலத்துக்குள் காய்ந்துவிடக்கூடும். ஓக் மரத்துக்கு இரண்டு ஆண்டு பிடிக்கும். முழு உருளையாக வைத்தால் பட்டை ஈரத்தை வெளியே விடாது. பிளந்தே ஆக வேண்டும். அடுக்கின் மேலே மட்டும் தகரம் போட்டு, பக்கவாட்டில் காற்றாடவிடுவார்கள். முழுவதும் தார்ப்பாய் போர்த்திவிட்டால் உள்ளே பூசணம்தான் பூக்கும்.

காய்ந்ததா என்று பார்க்க இரண்டு ஊசி முனைகள் கொண்ட ஒரு சின்ன ஈரமானி போதும். அதை எங்கே குத்துவது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. கட்டையின் முனை எப்போதும் முதலில் காய்ந்துவிடும். அங்கே குத்தினால் 14, 15 என்று காட்டி ஏமாற்றும். கட்டையை வீட்டுக்குள் கொண்டுவந்து உறைந்த ஈரம் இளகியபின், புதிதாக இரண்டாகப் பிளந்து, உட்பரப்பின் நடுவில் குத்த வேண்டும். அதே கட்டை அங்கே 28 காட்டலாம். கருவி இல்லாதவர்களுக்கு நெருப்பே சொல்லிவிடும்: ஈர விறகு சீறும், அதன் முனைகளில் நுரை கொப்பளிக்கும், கண்ணாடிக் கதவு அரைமணியில் கறுத்துவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 20 சதவீத ஈரமுள்ள விறகு கிலோவுக்குச் சுமார் 4 யூனிட் ஆற்றல் தரும். மின்கட்டணத்தில் வரும் அதே யூனிட்தான். 15 கிலோ அடைத்தால் 60 யூனிட். அடுப்பின் திறன் 70 சதவீதம் என்றால் வீட்டுக்குக் கிடைப்பது 42. அதைப் பத்து மணி நேரத்துக்குப் பரப்பினால், ஆயிரம் வாட் ஹீட்டர்கள் நாலு இரவெல்லாம் ஓடியதற்குச் சமம். அதே 15 கிலோ பச்சை விறகாக இருந்தால் பாதியளவு நீர்தான்; மரம் ஏழரை கிலோ மட்டுமே. அதிலும் ஒரு பங்கு அந்த நீரைக் கொதிக்கவைப்பதிலேயே தீரும். கிடைப்பது பாதிக்குச் சற்று மேல். நெருப்பின் சூடும் இறங்கிவிடுவதால் புகை பற்றாமல் போவது தனி நஷ்டம்.

எந்த மரம் நல்லது என்ற வாதம் விறகுக்காரர்கள் கூடும் இடமெல்லாம் நடக்கும். கிலோவுக்குக் கிலோ பார்த்தால் மரங்களுக்குள் பெரிய வேற்றுமை இல்லை. ஆனால் அடுப்புப் பெட்டியின் கொள்ளளவு மாறாது. அடர்த்தியான ஓக், ஹிக்கரி, சர்க்கரை மேப்பிள் போன்றவை அதே இடத்தில் அதிக கிலோ அடங்கும். பைன், ஸ்ப்ரூஸ் குறைவாகவே அடங்கும். அதனால் மாலைக்கு மென்மரம், இரவுக்கு வன்மரம் என்று பிரித்துவைத்துக்கொள்வார்கள். ஃபேர்பேங்க்ஸில் ஓக் இல்லை. அங்கே பிர்ச்தான் இரவு விறகு.

இனி அடுக்கும் முறை. படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே பழகியவர் வேலையைத் தொடங்கிவிடுவார். காற்றுக் கைப்பிடியை முழுக்கத் திறந்து, கதவை ஒரு விரற்கடை விலக்கிச் சற்றுப் பொறுப்பார். சட்டென்று திறந்தால் புகை முகத்தில் அடிக்கும். சிவந்த கங்குகளை இரும்புக் கொக்கியால் முன்பக்கம், காற்று வரும் வாய்க்கு அருகே இழுத்துக் குவிப்பார். அவற்றின் பின்னால் தடிமனான கட்டைகள், இடுக்கில்லாமல், ஒன்றோடொன்று ஒட்டி. தடித்த கட்டைக்கு எடையை ஒப்பிட மேற்பரப்பு குறைவு. இறுக்க அடுக்கினால் தீ நடுவே புகுந்து எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பிடிக்க முடியாது. முன்னாலிருந்து பின்னாலாக ஒவ்வொரு கட்டையாகத் தின்றுகொண்டு போகும். முன்பக்கம் மட்டும் ஒன்றிரண்டு மெல்லிய சிராய், சுடர் எழுப்புவதற்கு.

அடுத்த இருபது, முப்பது நிமிடத்தில்தான் அந்த இரவின் வெற்றி தோல்வி முடிவாகிறது. அவசரப்பட்டுக் காற்றை அடைக்கக் கூடாது. கட்டைகளின் வெளிப்புறம் முழுவதும் கருகி, அடுப்பும் புகைபோக்கியும் நன்றாகச் சூடேற வேண்டும். பிறகு ஒரே இழுப்பில் இல்லாமல், படிப்படியாகக் குறைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் சுடரைப் பார்க்க வேண்டும். கட்டையை விட்டு எழும்பி, பெட்டியின் மேற்பகுதியில் நீலமும் மஞ்சளுமாகச் சோம்பலாக நெளியும் சுடர் நல்ல அறிகுறி. அங்கே புகை எரிகிறது. சுடர் அடியோடு அணைந்து பெட்டி மங்கினால் கைப்பிடியை ஒரு படி திறக்க வேண்டும். வெளியே போய்ப் புகைபோக்கியின் வாயைப் பார்ப்பவர்களும் உண்டு. நீலச் சாம்பல் நிறப் புகை வந்தால் உள்ளே விறகு வீணாகிறது என்று அர்த்தம். இன்னொன்று: கடுங்குளிர் இரவில் உள்ளே இருக்கும் வெப்பத்துக்கும் வெளிக் காற்றுக்கும் வேறுபாடு கூடுவதால், புகைபோக்கி பலமாக இழுக்கும். நேற்றுச் சரியாக இருந்த அதே இடத்தில் கைப்பிடியை வைத்தால், இன்று விறகு நாலு மணிக்கே தீர்ந்துவிடும்.

கைத்திறனுக்குத் துணையாகப் பொறியியலும் வந்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1988இல் கணப்புகளுக்கு முதன்முறையாகப் புகை வரம்பு விதித்தது. பழைய அடுப்புகள் மணிக்கு 15 முதல் 30 கிராம் வரை புகைத்துகள் கக்கிக்கொண்டிருந்தன. 2020 மே முதல் விற்கப்படும் புதிய அடுப்புக்கான வரம்பு 2 கிராம், வீட்டு விறகை வைத்தே சோதித்தால் 2.5 கிராம். இதைச் சாதிக்க இரண்டு வழிகள் உருவாயின. ஒன்று, பெட்டியின் மேற்பகுதியில் துளையிட்ட குழாய்கள் வழியாகச் சூடான காற்றைச் செலுத்திப் புகையை எரிப்பது. சுலபமானது, கெட்டுப்போக அதிகமில்லை. ஆனால் அதற்கு நெருப்பு ஓரளவு கடுமையாகவே எரிய வேண்டும். இன்னொன்று வினையூக்கி: பலேடியமோ பிளாட்டினமோ பூசிய, தேன்கூட்டு அமைப்பிலான பீங்கான் கட்டி. அதனூடே போகும் புகை 600 டிகிரி வரை காத்திருக்காமல் 260 டிகிரி அளவிலேயே எரியத் தொடங்கிவிடும். பெட்டிக்குள் நீறு பூத்தாற்போல் மெல்லக் கனன்றாலும் புகை வீணாவதில்லை. உண்மையான நீண்ட இரவுகளுக்கு இதுதான் தோது. வாஷிங்டன் மாநிலத்தின் பிளேஸ் கிங் நிறுவனம், சூட்டுக்கேற்பச் சுருண்டு விரியும் உலோகச் சுருளால் காற்றைத் தானாகவே ஒழுங்குபடுத்தும் கருவியையும் சேர்த்து, தன் பெரிய அடுப்பு ஒரு தடவை நிரப்பினால் குறைந்த சூட்டில் 40 மணி நேரம் வரை எரியும் என்கிறது. வினையூக்கிக்குப் பராமரிப்பு உண்டு. வண்ணம் பூசிய பலகை, பிளாஸ்டிக், பளபளக் காகிதம் ஆகியவை அதைக் கெடுத்துவிடும். ஒழுங்காக வைத்துக்கொண்டாலும் சில குளிர்காலங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

வட ஐரோப்பாவில் கேள்வியையே மாற்றிப் போட்டுக் கேட்டார்கள். நெருப்பு எதற்கு இரவெல்லாம் எரிய வேண்டும்? சூடு நின்றால் போதாதா? 1767இல், விறகுத் தட்டுப்பாட்டைக் கண்டு கவலைப்பட்ட ஸ்வீடன் அரசு கேட்டுக்கொண்டதன் பேரில், கார்ல் யோஹான் க்ரோன்ஸ்டெட்டும் ஃபாபியன் வ்ரேடெயும் ஒரு ஓட்டு அடுப்பை வடிவமைத்தார்கள். சூடான புகை நேராக மேலே போகாமல், செங்கல் சுவருக்குள் மேலும் கீழுமாக வளைந்து வளைந்து போய், தன் வெப்பத்தையெல்லாம் சுவருக்குக் கொடுத்துவிட்டே வெளியேறும். ஓரிரு மணி நேரம் காற்றை அடக்காமல் கொழுந்துவிட்டு எரியவிட்டால் போதும். டன் கணக்கில் எடையுள்ள அந்தச் சுவர் மறுநாள் வரை கதகதப்பாக இருக்கும். ஃபின்லாந்தில் இதே வேலையை மாக்கல் செய்கிறது. யூக்கா என்ற ஊரின் துலிகிவி நிறுவனம் இதற்குப் பேர்போனது. மாக்கல்லின் குணம் நம் வீடுகளுக்குப் புதிதல்ல. அடுப்பிலிருந்து இறக்கி வைத்த பிறகும் குழம்பைக் கொதிக்கவைத்துக்கொண்டிருக்கும் கல்சட்டி அதே கல்லில் குடைந்ததுதான். புதிதாக வீடு கட்டுபவருக்கு இதைவிடச் சிறந்த ஏற்பாடு இல்லை. கட்டி முடித்த வீட்டில் டன் கணக்கில் கல்லை இறக்கத் தரை தாங்க வேண்டுமே என்பதுதான் தடை.

பக்கத்து வீட்டுக்காரரின் மூச்சும் இதில் அடங்கியிருக்கிறது. ஃபேர்பேங்க்ஸ் மூன்று பக்கமும் குன்றுகள் சூழ்ந்த பள்ளத்தாக்கு. குளிர்நாட்களில் கனத்த குளிர்காற்று தரையிலும் இளஞ்சூடான காற்று மேலேயும் படிந்து மூடிவிடும். புகை கலைய வழியில்லை. 2009இல் அந்தப் பகுதி நுண்துகள் மாசு வரம்பை மீறியதாக அறிவிக்கப்பட்டது. இப்போது எச்சரிக்கை விடுக்கப்படும் நாட்களில், வேறு கணப்பு வசதி இல்லாதவர்கள் போன்ற விலக்குப் பெற்றவர்கள் தவிர மற்றவர்கள் விறகு எரிக்கக் கூடாது. 2021 அக்டோபர் முதல் அங்கே வணிகர்கள் உலர்ந்த விறகைத்தான் விற்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் லான்செஸ்டன் நகரில் 2001 தொடங்கி விறகு அடுப்புகளை மாற்ற அரசு உதவியது. விறகு எரிக்கும் வீடுகள் 66 சதவீதத்திலிருந்து 30 சதவீதமாகக் குறைந்தன. குளிர்காலத் துகள் மாசு சராசரி 44 மைக்ரோகிராமிலிருந்து 27 ஆனது. அந்த மாதங்களில் இதய, நுரையீரல் நோய்ச் சாவுகளும் குறைந்ததாக 2013இல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

தமிழர்கள் கணிசமாக வாழும் கனடாவின் மான்ட்ரியலில் 2018 அக்டோபர் முதல் மணிக்கு 2.5 கிராமுக்கு மேல் துகள் விடும் விறகு அடுப்புகளைப் பயன்படுத்தத் தடை இருக்கிறது. மூன்று மணி நேரத்துக்கு மேல் மின்சாரம் நின்றுபோனால் மட்டும் விலக்கு. அந்த விலக்கு ஏன் தேவைப்பட்டது என்பது 1998 ஜனவரியை நினைவில் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். பனிமழையில் கம்பங்கள் சாய்ந்து, கியூபெக்கின் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் மின்சாரம் போனது. சில இடங்களில் ஒரு மாதம் வரை வரவில்லை.

காலையில் செய்யவேண்டியதும் கொஞ்சம் இருக்கிறது. சாம்பலை முழுக்க வாரக் கூடாது. ஒரு அங்குலம் விட்டுவைத்தால் அடியில் கங்கு உயிரோடிருக்கும். வாரிய சாம்பலை மூடியுள்ள தகர வாளியில் போட்டு, வீட்டைவிட்டுத் தள்ளி, மரத்தரையில் இல்லாமல் கல்லின் மேலோ மண்ணின் மேலோ வைக்க வேண்டும். அணைந்துவிட்டதாகத் தோன்றும் சாம்பலுக்குள் நாட்கணக்கில் நெருப்பு ஒளிந்திருக்கும்; அட்டைப்பெட்டியில் கொட்டி வராந்தாவில் வைத்து வீட்டை எரித்துக்கொண்டவர்கள் உண்டு. படுக்கையறைக்கு அருகே கார்பன் மோனாக்சைடு எச்சரிப்பான் கட்டாயம் வேண்டும். அடங்கி எரியும் தணலிலிருந்து வரும் அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை.