மிகுதிச் சொல்லின் அளவு

கண்டியிலிருந்து வத்துகாமம் வழியாக ஏறிச் செல்லும் பாதையில், தேயிலைச் சரிவுகளுக்கு அப்பால் நக்கிள்ஸ் மலைத்தொடரின் முகடுகள் மேகத்துக்குள் மறைந்து கிடக்கும் ஒரு விடியற்காலையில், பன்வில கடைத்தெருவிலே பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் மூவர் குளிரைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதாக வைத்துக்கொள்வோம். தோட்டத்திலிருந்து வந்தவர் "இன்னைக்குச் சரியான குளிர்" என்பார். பக்கத்தில் நிற்கும் சிங்களவர் "ஹரி சீதலய்" என்பார். ஆங்கிலம் பயிலும் மாணவன் "வெரி கோல்ட்" என்பான். பாஷை மூன்றாயினும், குளிரின் மிகுதியைச் சொல்ல அவர்கள் பற்றிய வழி ஒன்றே என்பது ஊன்றிப் பார்க்கத்தக்க விசேஷம்.

'சரி' என்றால் பிழையற்றது. சிங்களத்து 'ஹரி'க்கும் அர்த்தம் அதுவே. ஆங்கிலத்து 'வெரி'யோ, சத்தியம் என்னும் பொருளுடைய லத்தீன் சொல்லிலிருந்து பழைய பிரெஞ்சின் வழியாக வந்து, 14-ஆம் நூற்றாண்டில் கவி சாசரின் காலத்தில் 'வாஸ்தவமான' என்ற பொருளிலேயே வழங்கி, பின்னரே 'மிகவும்' என்ற பொருளில் நிலைபெற்றது. ஆகவே அந்த மூவரும் உண்மையில் சொன்னது, 'இது மெய்யான குளிர், நம்புங்கள்' என்பதே. மிகுதிச் சொல் என்பது பேசுகிறவன் தன் சத்தியத்தை ஈடு வைத்து வாங்கும் கடன் என்று நான் கருதுவது இதனாலேதான்.

இத்தகைய சொற்கள் நமக்குப் புதியனவல்ல. மிகுதியை உணர்த்தும் உரிச்சொற்களாகத் தொல்காப்பியர் மூன்றையும், நன்னூலார் ஆறையும் எண்ணிக் காட்டினார்கள். 'நிரம்ப' என்பது தேய்ந்து 'ரொம்ப' ஆயிற்று. வடமொழியின் 'பஹு' நம்மிடம் 'வெகு' ஆயிற்று. இவ்வளவு செல்வமிருந்தும், ஆங்கிலத்தின் ஒரு சிறு சொல்லிடம் நம் பிள்ளைகள் தடுமாறுவதற்குக் காரணம் என்ன?

ஒரு மாலை வகுப்பில் நான் கண்டதைச் சொல்கிறேன். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் மாணவி ஒருத்தி, ஆசிரியருக்கு ஆவி பறக்கும் தேநீரைக் கொண்டுவந்து வைத்து, மகிழ்ச்சியோடு, "டூ ஹாட், சேர்" என்றாள். ஆசிரியர் கோப்பையைத் தொடாமல், "அப்படியென்றால் நான் இதைக் குடிக்க முடியாதே, பிள்ளை?" என்று கேட்டார். அவள் திகைத்துப்போனாள். தமிழில் 'ரொம்பச் சூடு' என்றால், அது புகழ்ச்சியா முறைப்பாடா என்பதைக் குரல் காட்டிவிடும். ஆங்கிலமோ அவ்விரண்டையும் இரண்டு சொற்களுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. 'வெரி' என்பது அளவின் உயர்வைக் கூறும். 'டூ' என்பது வேண்டிய எல்லையைக் கடந்துவிட்டதென்று கூறும். 'டூ'வுக்குப் பின்னே, சொல்லாமலே ஒரு 'முடியாது' நிற்கிறது. 'அளவுக்கு மிஞ்சி' என்று தமிழில் சொல்லிப் பார்த்துப் பொருந்துமானால் 'டூ', பொருந்தாவிடில் 'வெரி'. இந்த ஒரு சோதனையே அந்தப் பிள்ளைக்குப் போதுமானதாயிருந்தது.

அடுத்த இடறல் சொல்லின் இடத்தைப் பற்றியது. 'மிக அழகு' என்றும் 'மிக விரும்புகிறேன்' என்றும் நாம் பண்புக்கும் வினைக்கும் ஒரே சொல்லை வைப்பதால், அதே பழக்கத்தில் 'ஐ வெரி லைக்' என்று எழுதிவிடுகிறோம். ஆங்கில 'வெரி' வினையின்மீது தனியே ஏறாது. 'வெரி மச்' என்று துணையோடுதான் வரும். இன்னும் சில சொற்கள் தாம் சேரும் சொல்லைத் தாமே தேர்ந்துகொள்கின்றன. ஆழ்ந்த உறக்கத்துக்கு 'ஃபாஸ்ட் அஸ்லீப்', முழு விழிப்புக்கு 'வைட் அவேக்', கடுங்குளிருக்கு 'பிட்டர்லி கோல்ட்' என்பது அவர்கள் வழக்கு. இவற்றை இடம் மாற்றினால் கேட்பவர் செவி ஏற்காது. இது அநியாயமென்று மாணவர் நினைக்க வேண்டியதில்லை. பச்சைப் பொய் உண்டு, பச்சை உண்மை அரிது. அடிமுட்டாள் உண்டு, அடியறிவாளி இல்லை. சேர்ந்து வருபவற்றைச் சேர்த்தே மனத்தில் வாங்கிக்கொள்வதுதான் தாய்மொழியில் நாம் கற்ற முறை. ஆங்கிலத்துக்கும் அதுவே முறை.

இலக்கணமும் உச்சரிப்பும் பிழையறக் கற்றபின்னும் எஞ்சி நிற்கும் பாடம் ஒன்றுண்டு. 1914 ஏப்ரல் 11-ஆம் தேதி, லண்டனில் ஹிஸ் மெஜஸ்டிஸ் தியேட்டரில், பெர்னார்ட் ஷாவின் 'பிக்மேலியன்' நாடகம் அரங்கேறியபோது, பூ விற்கும் பெண்ணாயிருந்து சீமாட்டிபோலப் பேசப் பயின்ற எலைஸா, கனவான்கள் கூடிய வரவேற்பறையிலே, குற்றமற்ற உச்சரிப்போடு, 'பிளடி' என்ற மிகுதிச் சொல்லைச் சொன்னதும் அரங்கமே அதிர்ந்தது. பத்திரிகைகள் அதைப் பெரிதாக எழுதின. ஆஸ்திரேலியாவில் நண்பர்களுக்கிடையே எளிதாகப் புழங்கும் அதே சொல், நம் மலைநாட்டிலே, காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்தில் நின்றவர்களின் செவிக்குத் தோட்டத் துரைமாரின் வசவாகவே வந்து சேர்ந்தது. ஒரு சொல்லின் வலிமை அகராதியில் மட்டும் அடங்குவதில்லை. யார், யாரிடம், எந்த இடத்தில் நின்று அதைச் சொல்கிறார் என்பதிலும் அது இருக்கிறது. இத்தகைய சொல்லைக் கேட்டால் விளங்கிக்கொள்ளவும், சொல்லாமல் இருக்கவும் தெரிந்துகொள்வதே அதைக் கற்பதன் நிறைவு.

ஈடு வைத்த பொருளை மீளமீள அடகுக்குக் கொண்டுபோனால் அதன் மதிப்புக் குறைகிறது. 'வெரி' தேய்ந்ததனாலேயே, அச்சத்தைக் குறித்த 'ஆஃபுலி', 'டெரிப்லி' என்னும் சொற்களை ஆங்கிலேயர் இனிமையான காரியங்களுக்கும் இரவல் வாங்கினார்கள். 'பயங்கர அழகு' என்று சொல்லும் நம் இளைஞரும் அதே வழியில்தான் போகிறார்கள். எழுதிய ஒவ்வொரு வாக்கியத்திலும் மிகுதிச் சொல்லை எடுத்துவிட்டு ஒருமுறை வாசித்துப் பார்க்கும்படி மாணவர்களை வேண்டுகிறேன். குறையொன்றும் தோன்றாவிட்டால் அது அங்கே அவசியமில்லை.

கொழுந்தெடுக்கப் புறப்படும் பெண், லயத்து வாசலில் நின்று "சரியான குளிர்" என்று ஒரே ஒருமுறை சொல்கிறாள். கேட்டவள், மறுவார்த்தை பேசாமல், உள்ளே திரும்பிக் கம்பளியை எடுத்துக்கொள்கிறாள்.