என் பிள்ளைக்கு சீட் கிடைக்குமா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் அபிஷேகப்பாக்கத்துப் பெற்றோர் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வது "எத்தனை மார்க்?" என்றுதான். அரசுக் கல்லூரியில் சீட் கிடைக்குமா என்று கணிக்க அந்தக் கேள்வி போதாது. பிள்ளை எந்தப் பட்டியலில் வருகிறது, அதில் முன்னால் எத்தனை பேர், போன ஆண்டு அந்தப் பட்டியலில் எத்தனையாவது ஆளோடு சீட் தீர்ந்தது என்பது தெரிந்த பிறகுதான் கணக்கே தொடங்குகிறது.

நம்முடையது புதுச்சேரியின் எல்லையோர ஊர். பக்கத்திலிருக்கும் சிங்கிரிக்குடி தமிழ்நாட்டின் கடலூர் மாவட்டம். அங்கே படிக்கும் சொந்தக்காரப் பெண்ணுக்குத் தமிழ்நாட்டுக் கணக்குப்படி கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என்று 200-க்குக் கட்-ஆஃப் போடுவார்கள். அவளுக்கு எந்தக் கட்-ஆஃபில் கிடைத்தது என்ற சேதி நம் வீட்டுக்கும் வந்துவிடும். அதை வைத்து நம் பிள்ளையை அளக்காதீர்கள். புதுச்சேரிக்கு சென்டாக் என்ற மாணவர் சேர்க்கைக் குழு தனிப் பட்டியல் போடுகிறது. சீட் எண்ணிக்கை, போட்டிபோடுபவர்கள், இட ஒதுக்கீட்டு விகிதம் எல்லாமே வேறு.

பிள்ளைச்சாவடியில் இருக்கும் புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் சேர, சென்டாக் பிளஸ் டூ மார்க்கைப் பார்க்கிறது. பழைய பொறியியல் கல்லூரிதான் 2020-இல் பல்கலைக்கழகமானது. காரைக்கால் என்.ஐ.டி.க்கு ஜே.இ.இ. மெயின் ரேங்க் வேண்டும். அங்கே பாதி சீட் சொந்த மாநிலத்தாருக்கு. இதில் எல்லையோரப் பெற்றோர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சொந்த மாநிலம் எது என்பதை வீட்டு முகவரி தீர்மானிப்பதில்லை, பிளஸ் டூ தேறிய மாநிலம்தான் தீர்மானிக்கிறது. வீடு அபிஷேகப்பாக்கத்தில் இருந்தாலும் கடலூர்ப் பள்ளியில் பிளஸ் டூ முடித்த பிள்ளை, என்.ஐ.டி. கணக்கில் தமிழ்நாட்டுப் பிள்ளை. பத்தாம் வகுப்பு முடிந்து பள்ளி மாற்றும்போதே இதை யோசித்துவிடுங்கள்.

மருத்துவத்துக்கு நீட். கதிர்காமம் அரசு மருத்துவக் கல்லூரியில் புதுச்சேரி ஒதுக்கீட்டு சீட்டும், தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு சீட்டும் சென்டாக் வழியாக நிரம்பும். ஜிப்மர் 2020 முதல் தன் சொந்தத் தேர்வை விட்டு நீட்டுக்கு வந்துவிட்டது. அதில் புதுச்சேரிப் பிள்ளைகளுக்கென்று தனி சீட் உண்டு, ஆனால் அதற்கு மத்தியக் கலந்தாய்வில் தனியே பதிவு செய்ய வேண்டும். சென்டாக்கில் போட்டாயிற்று என்று இருந்துவிட்டால் அந்த சீட்டுக்கான பட்டியலில் பெயரே இருக்காது. காலாப்பட்டு மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு க்யூட் தேர்வு.

பெற்றோரை அதிகம் ஏமாற்றுவது பெர்சென்டைல். "தொண்ணூற்றொன்பது வாங்கியிருக்கிறான்" என்றதும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது மார்க் என்று மனசு பூரித்துவிடுகிறது. தேர்வெழுதியவர்களில் 99 சதவீதம் பேர் அவனுக்குப் பின்னால் இருக்கிறார்கள் என்பதுதான் அதன் பொருள். ஜே.இ.இ. மெயினை ஏறக்குறைய 15 லட்சம் பேர் எழுதுகிறார்கள். மிச்சமுள்ள ஒரு சதவீதமே 15,000 பேர், அவர்கள் எல்லாரும் அவனுக்கு முன்னால். நீட் எழுதுவோர் 20 லட்சத்துக்கும் மேல். அதில் 95 பெர்சென்டைல் என்றால் ஒரு லட்சம் பேர் முன்னால் நிற்கிறார்கள். நாட்டிலுள்ள எம்.பி.பி.எஸ். சீட்டே தனியார் கல்லூரிகளையும் சேர்த்து ஏறக்குறைய ஒன்றேகால் லட்சம்தான். நீட்டில் 'தகுதி' பெறுவதும் சீட் ஆகாது. 2024, 2025 இரண்டு ஆண்டுகளிலும் தகுதி பெற்றோர் 12 லட்சத்துக்கும் மேல்.

மார்க்கை மார்க்கோடு ஒப்பிடுவதும் ஆபத்து. 2024 நீட்டில் 720-க்கு 720 எடுத்தவர்கள் பலர். அடுத்த ஆண்டு கேள்வித்தாள் கடினமாகி, நாட்டிலேயே முதலிடம் பெற்றவரின் மார்க் 686. 2024-இன் கட்-ஆஃப் மார்க்கைக் கையில் வைத்துக்கொண்டு 2025-இல் கணக்குப் போட்ட குடும்பங்கள் வீணாகக் கலங்கியிருக்கும். எப்போதும் ரேங்கைத்தான் ரேங்கோடு ஒப்பிட வேண்டும்.

சென்டாக் பொறியியல் பட்டியலுக்கும் இது பொருந்தும். நம் அரசுப் பள்ளிகள் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்திலிருந்து சி.பி.எஸ்.இ.க்கு மாறி, முதல் பிளஸ் டூ அணி 2025-இல்தான் தேர்வெழுதியது. அதற்கு முந்தைய ஆண்டுகளின் மார்க் வேறு பாடத்திட்டத்தில், வேறு திருத்தும் முறையில் வந்தது. அந்தக் கட்-ஆஃபை நம்பி முடிவெடுக்க முடியாது.

மார்க்கை விட்டுவிட்டு, பழைய ஒதுக்கீட்டுப் பட்டியலில் உங்கள் இட ஒதுக்கீட்டுப் பிரிவு, உங்கள் பாடம் இரண்டையும் பார்த்து, கடைசிச் சுற்றில் சீட் பெற்றவரின் ரேங்கைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் சுற்றைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒரே பிள்ளை பல இடத்தில் சீட் வாங்கியிருக்கும், ஒன்றை விடும்போது பட்டியல் நகரும். மூன்று ஆண்டுகளின் ரேங்கைப் பார்ப்பது நல்லது. புதுச்சேரி சின்னப் பிரதேசம். ஒரு பாடத்தில் ஒரு பிரிவுக்குச் சில சீட்களே இருக்கும், இரண்டு பிள்ளைகள் மனம் மாறினாலே கடைசி ரேங்க் வெகுதூரம் தள்ளிப்போகும். மருத்துவத்தில் அரசுப் பள்ளி மாணவருக்கு 2023-இல் வந்த 10 சதவீத ஒதுக்கீடு உங்கள் பிள்ளைக்குப் பொருந்துமானால், அந்தப் பட்டியலைத் தனியாகப் பாருங்கள். பொதுப் பட்டியலை மட்டும் பார்த்துக் கைவிட்ட பெற்றோரை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

இந்தக் கணிப்பை எதற்குப் பயன்படுத்தக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். விருப்ப வரிசை எழுதும்போது, "அது நமக்குக் கிடைக்காது" என்று பிள்ளை ஆசைப்பட்ட பாடத்தைக் கீழே தள்ளிவிடுகிறார்கள். ரேங்க் வரிசையில் ஒவ்வொரு பிள்ளையின் முறை வரும்போதும், அது எழுதிய பட்டியலை மேலிருந்து பார்த்து, காலியாக இருக்கும் முதல் சீட்டைத் தருகிறார்கள். முதலாவது கிடைக்காவிட்டால் இரண்டாவதைப் பார்ப்பார்கள், அதற்கான வாய்ப்பு ஒரு துளியும் குறையாது. கிடைக்காது என்று தோன்றும் கம்ப்யூட்டர் சயின்ஸைத் துணிந்து முதலில் எழுதட்டும். வாய்ப்பு எவ்வளவு குறைவென்று கணித்தீர்களோ, அவ்வளவுக்குக் கீழே கூடுதல் பாடங்களைச் சேர்த்துப் பட்டியலை நீளமாக்குங்கள்.