பழத்தோலில் ஒளிரும் துகள்கள்



நோன்பு திறக்கப் பழம் நறுக்கும் வீடுகளில் தோல் கூடை நிறையச் சேரும். மறுநாள் குப்பைக்குப் போகும். அத்தகைய தோலைக் கொண்டு தண்ணீரில் கலந்திருக்கும் நஞ்சைக் கண்டறிய முடியும். அது எப்படி என்பதை இம்மாதம் விளக்குகிறோம்.

2012ஆம் ஆண்டு சீன ஆய்வாளர்கள் பம்பளிமாஸ் பழத்தோலைத் தண்ணீருடன் எஃகுக் கலனில் இறுக மூடி, 200 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் சூடாக்கினார்கள். தோலிலுள்ள சர்க்கரையும் நாரும் சிதைந்து கார்பன் துகள்களாயின. கசடை நீக்கியபின் கிடைத்த நீரில் புற ஊதா விளக்கைக் காட்டியபோது அது நீல நிறத்தில் ஒளிர்ந்தது.

ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர். ஒளிரும் இந்தத் துகள்கள் பெரும்பாலும் 10 நானோமீட்டருக்கும் சிறியவை. இவ்வகைத் துகள்கள் முதலில் 2004இல், அமெரிக்காவில் வேறொரு ஆய்வின்போது தற்செயலாகக் கிடைத்தன.

இவற்றால் என்ன பயன்? பாதரசம் கலந்த நீர் பட்டதும் இந்த ஒளி மங்குகிறது. எவ்வளவு மங்கியது என்று அளந்தால், பாதரசத்தின் அளவு தெரிந்துவிடும். ஏரி நீரிலும் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

பாதரசம் கலந்திருப்பதை நம் கண்ணாலோ நாவாலோ அறிய முடியாது. ஜப்பானின் மினமாட்டாவில் ஆலைக் கழிவிலிருந்த பாதரசம் மீன் வழியாக மக்களின் உடலில் சேர்ந்தது. 1956இல் நோய் கண்டறியப்படுவதற்குள் பலர் முடங்கிவிட்டார்கள். கருவிலிருந்த குழந்தைகளும் தப்பவில்லை. நஞ்சை முன்கூட்டியே, குறைந்த செலவில் காட்டிக்கொடுக்கும் வழி ஏன் தேவை என்பது இதிலிருந்தே புரியும்.

ஒரு எச்சரிக்கை: இதை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். நம் குக்கரின் வெப்பம் ஏறக்குறைய 120 டிகிரிதான். மூடிய கலனில் 200 டிகிரி என்றால் உள்ளே காற்றழுத்தத்தைப் போல் சுமார் 15 மடங்கு அழுத்தம் உண்டாகும். சாதாரணப் பாத்திரம் வெடித்துவிடும். குறையும் உண்டு. தோலுக்குத் தோல் துகளின் தரம் மாறுவதால், ஒரே சீராகத் தயாரிப்பது எளிதல்ல.

அந்தக் குறையைத் தீர்க்க இன்னும் ஆய்வாளர்கள் வேண்டும். உங்கள் வீட்டில் வேதியியல் படிக்கும் மகனோ மகளோ இருந்தால், இந்தப் பக்கத்தைப் படிக்கக் கொடுங்கள்.