வாட்ஸாப் குழுவில் நர்சிங் பாடம்

இடையஞ்சாவடியிலிருந்து புதுச்சேரிப் பக்கம் நர்சிங் படிக்கப் போகும் பெண்ணின் கைப்பேசியில் வகுப்புக்கென்று ஒரு வாட்ஸாப் குழு இல்லாமல் இருக்காது. பெரும்பாலான குழுக்களில் பி.டி.எஃப். கோப்புகள்தான் குவிந்து கிடக்கும். நோட்ஸ் கிடைத்துவிட்ட நிம்மதி வருமே தவிர, பாடம் மனதில் ஏறாது. அதே குழுவைக் கேள்வி கேட்கும் இடமாக்கினால் கதையே வேறு.

காலையில் டியூட்டர் ஒரு கணக்குப் போடட்டும்: 500 மில்லி நார்மல் சலைன், 4 மணி நேரத்தில் ஏற வேண்டும், மில்லிக்கு 20 சொட்டு விழும் செட். நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? மாலைவரை விடையைக் குழுவில் யாரும் போடக் கூடாது. டியூட்டருக்குத் தனியாக அனுப்ப வேண்டும். 500-ஐ 20-ஆல் பெருக்கினால் 10,000 சொட்டு. 4 மணி என்பது 240 நிமிடம். வகுத்தால் ஏறத்தாழ 42. மணியை நிமிடமாக்க மறந்து 2,500 என்று எழுதியவரும் இருக்கக்கூடும். பெயர் சொல்லாமல் அந்தத் தவறை மாலையில் விளக்கினால், வகுப்பு முழுக்கத் தெளிவாகும். சில நாள் கழித்து அதே கணக்கை மில்லிக்கு 60 சொட்டு விழும் மைக்ரோ செட்டோடு மறுபடி கேட்கலாம். திரும்பத் திரும்ப வாசித்ததைவிட, நினைவிலிருந்து எடுத்துச் சொன்னதுதான் நெடுநாள் நிற்கும் என்று உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கும் 2006-இல் சோதனை செய்து காட்டினார்கள்.

செய்முறை பார்க்க யூடியூப் நல்லது. நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். ஆனால் வீடியோ எந்த ஆண்டுடையது என்று முதலில் பாருங்கள். சி.பி.ஆரில் மூச்சுப்பாதையை முதலில் கவனிக்கும் பழைய வரிசையை 2010-இல் அமெரிக்க இதய சங்கம் மாற்றி, மார்பழுத்தத்தை முன்னால் வைத்தது. அதற்கு முந்தைய வீடியோக்கள் இன்னும் இணையத்தில் உண்டு.

எனக்கு மிகவும் கவலை தருவது குழுவிலும் இணையத்திலும் பகிரப்படும் நோயாளியின் படம். 2010-இல் அமெரிக்காவின் கான்சாஸில் நர்சிங் மாணவிகள் நஞ்சுக்கொடியோடு எடுத்த படத்தை ஃபேஸ்புக்கில் போட்டு, கல்லூரியிலிருந்தே நீக்கப்பட்டார்கள். பிறகு நீதிமன்றம் தலையிட்டது. 2019-இல் ஒடிசாவின் மல்கான்கிரி மாவட்ட மருத்துவமனையில் பச்சிளங்குழந்தைப் பிரிவில் டிக்டாக் எடுத்த செவிலியர்களிடம் விளக்கம் கேட்டார்கள்.

முகத்தை மறைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்யும் ஐம்பது வயது அம்மா, காலில் ஆறாத புண் என்று எழுதினாலே ஊரில் பாதிப் பேருக்கு ஆள் தெரிந்துவிடும். குழுவுக்கு வரும் படம் பல போன்களில் தானாகவே கேலரியில் சேரும். அங்கிருந்து தம்பி கைக்கும் போகும். ‘உப்பு நீரில் நின்று வேலை செய்பவருக்குக் காலில் ஆறாத புண். டிரெஸ்ஸிங்குக்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும்?’ என்று கேளுங்கள். சர்க்கரை, பாத உணர்ச்சி, ரத்த ஓட்டம் என்று பதில்கள் வரும். பாடத்துக்கு அவ்வளவு போதும். ஊரும் வயதும் வேண்டாம்.

இன்னொன்று: வார்டில் நிற்கும்போது மருந்தின் அளவில் சந்தேகம் வந்தால் குழுவில் கேட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். பக்கத்தில் இருக்கும் ஸ்டாஃப் நர்ஸிடம் கேளுங்கள். அவர் சரிபார்த்த பிறகே ஊசியை எடுங்கள்.