படி ஏறிய கண்டக்டர், உட்கார்ந்திருந்த டிரைவர்

சென்னையில் மாடி பஸ் ஓடிய காலத்தில் அதில் போனவர்களுக்குக் கண்டக்டர் படும் பாடு தெரியும். கீழே டிக்கெட் கொடுத்து முடிப்பதற்குள் மேலே நாலு பேர் ஏறியிருப்பார்கள். குறுகலான படியில் கம்பியைப் பிடித்து ஏறி, மேலே சில்லறை கொடுத்துவிட்டு இறங்கினால் அடுத்த ஸ்டாப்பில் இன்னொரு கும்பல். டிரைவரின் தொல்லைகள் வேறு. ஆனால் ஷிஃப்ட் முடியும்வரை அவர் சீட்டைவிட்டு எழ வேண்டியதில்லை.

இந்த இரண்டு வேலைகளையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம் என்று லண்டனில் ஒரு மருத்துவருக்குத் தோன்றியது. அவர் பெயர் ஜெரி மோரிஸ். இரண்டாம் உலகப் போர் முடிந்திருந்த பிரிட்டனில் நடுவயது ஆண்கள் மாரடைப்பில் போய்க்கொண்டிருந்தார்கள். ஏன் என்று யாருக்கும் பிடிபடவில்லை. பார்க்கும் வேலைக்கும் இதற்கும் ஏதாவது தொடர்பு இருக்குமோ என்று மோரிஸ் குழு 1949-ல் லண்டன் போக்குவரத்து ஊழியர்களை ஆராயத் தொடங்கியது. 35 முதல் 64 வயதுக்குள் சுமார் 31,000 ஆண்கள்.

டிரைவரும் கண்டக்டரும் ஒரே டெப்போ, ஒரே வண்டி, ஏறக்குறைய ஒரே வகைக் குடும்பம். வித்தியாசம் ஒன்றுதான். டிரைவர் வேலை நேரத்தில் பத்தில் ஒன்பது பங்கு உட்கார்ந்தே கழித்தார். கண்டக்டர் நாளொன்றுக்கு 500 முதல் 750 படிகள் ஏறினார். கணக்குப் போட்டபோது கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. வந்தாலும் பிந்திய வயதில் வந்தது. வந்த உடனே உயிரைக் கொண்டுபோவதும் குறைவாக இருந்தது.

வேறொருவராக இருந்தால் மறுநாளே பத்திரிகைகளைக் கூப்பிட்டிருப்பார். மோரிஸ் தபால் துறைக் கணக்கு வரட்டும் என்று காத்திருந்தார். நடந்தும் சைக்கிளிலும் கடிதம் கொடுத்த தபால்காரர்கள் ஒரு பக்கம், மேசையில் உட்கார்ந்த குமாஸ்தாக்களும் டெலிபோன் ஆபரேட்டர்களும் மறுபக்கம். அங்கேயும் அதே கதைதான். 1953-ல் 'லான்செட்' இதழில் கட்டுரை வந்தது.

எனக்கு அதைவிடப் பிடித்தது மூன்று வருடம் கழித்து வந்த கட்டுரை. அதில் மோரிஸ் தன் முடிவையே சந்தேகப்பட்டார். ஊழியர்களுக்கு யூனிஃபார்ம் கொடுத்தது நிறுவனம்தான். ஆகவே ஒவ்வொருவரின் பேண்ட் அளவும் பதிவேட்டில் இருந்தது. அதைப் புரட்டினால், டிரைவர்களின் இடுப்பு கண்டக்டர்களைவிடப் பெருத்திருந்தது. இளம் வயது டிரைவர்களுக்குமே அப்படித்தான். அப்படியானால் உட்கார்ந்து ஓட்டியதால் தொப்பையா, தொப்பை இருந்தவர்தான் ஓட்டும் வேலைக்குப் போனாரா? பின்னாளில் ஒல்லி, நடுத்தரம், பருமன் என்று பிரித்துப் பார்த்தார்கள். ஒல்லியான டிரைவருக்கும் ஒல்லியான கண்டக்டரைவிட ஆபத்து கூடுதலாகவே இருந்தது. தையல்காரரின் டேப் அளவு, இதய ஆராய்ச்சிக்குச் சாட்சி சொன்ன கதை இது.

படி ஏறும்போது உள்ளே என்ன நடக்கிறது? சும்மா இருக்கும்போது இதயம் நிமிடத்துக்குச் சுமார் ஐந்து லிட்டர் ரத்தத்தை வெளியே தள்ளுகிறது. மூச்சு வாங்க வேலை செய்தால் இருபது லிட்டரையும் தொடும். ரத்தம் வேகமாக உரசிக்கொண்டு ஓடும்போது ரத்தக் குழாயின் உள்சுவர் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரக்கிறது. அது சுவரின் தசையைத் தளர்த்திக் குழாயை விரியச் செய்கிறது. இந்த வாயுவின் வேலையைக் கண்டறிந்ததற்காகத்தான் ஃபர்ச்காட், இக்னாரோ, முராத் மூவருக்கும் 1998-ல் நோபல் பரிசு கிடைத்தது. தினமும் உரசல் கிடைக்கும் குழாய் நெகிழ்ந்து கொடுக்கும். கிடைக்காதது நாளாக நாளாக விறைத்துப்போகும்.

உழைத்துப் பழக்கப்பட்ட இதயம் ஒரு துடிப்பிலேயே கூடுதல் ரத்தத்தைத் தள்ளிவிடுவதால் ஓய்வு நேரத்தில் நிதானமாகத் துடிக்கிறது. இதில் ஒரு லாபம் உண்டு. இதயத் தசை தனக்கு வேண்டிய ரத்தத்தைப் பெரும்பாலும் இரண்டு துடிப்புக்கு நடுவில், தளர்ந்திருக்கும்போதுதான் வாங்கிக்கொள்கிறது. ஊருக்கெல்லாம் பரிமாறிவிட்டுத் தான் சாப்பிட உட்காரும் அம்மா மாதிரி. துடிப்பு நிதானமானால் அவளுக்குச் சாப்பிட நேரம் கிடைக்கும்.

காலுக்கு இறங்கிய ரத்தத்தை மேலே அனுப்புவது இன்னொரு பாடு. போன மாதம் ராத்திரி பஸ்ஸில் சென்னையிலிருந்து நாகர்கோவில் போனேன். ஜன்னலோர சீட், பக்கத்தில் இருந்தவரை எழுப்பச் சங்கடப்பட்டு, வண்டி நின்ற இரண்டு இடத்திலும் இறங்கவில்லை. காலையில் செருப்புக்குள் கால் நுழைய மறுத்தது. கணுக்காலில் விரலை அழுத்தினால் குழி விழுந்தது. நடக்கும்போது கெண்டைக்கால் சதை சுருங்கிச் சுருங்கி ரத்தத்தைப் பிழிந்து மேலே தள்ளும். குழாய்க்குள் இருக்கும் வால்வுகள் அதைத் திரும்ப இறங்கவிடாது. நான் அந்தப் பம்பை ராத்திரி முழுக்க நிறுத்தி வைத்திருந்தேன். வடசேரி பஸ் ஸ்டாண்டில் இறங்கி டீக்கடைவரை நடந்ததிலேயே பாதி வீக்கம் வடிந்தது.

ஒரு ராத்திரிக்கு இப்படி என்றால் மூன்று வாரம்? 1966-ல் அமெரிக்காவின் டாலஸ் நகரில், இருபது வயது ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையைவிட்டு எழாமல் வைத்தார்கள். உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் கால்பங்குக்கு மேல் சரிந்தது. முப்பது வருடம் கழித்து அதே ஐந்து பேரைத் தேடிப்பிடித்துச் சோதித்தார்கள். முப்பது வருட முதுமை செய்த சேதம், அந்த மூன்று வாரப் படுக்கை செய்ததைவிடக் குறைவு. ஆறு மாதம் படிப்படியாகப் பயிற்சி கொடுத்ததும், ஐம்பதைத் தொட்ட அவர்கள் அந்தத் திறனில் இருபது வயதில் படுக்கைக்கு முன் இருந்த நிலைக்கே திரும்பினார்கள்.

இதைப் படித்துவிட்டு நாளைக் காலையே பீச்சில் ஓடக் கிளம்ப வேண்டாம். படி ஏறும்போது நெஞ்சில் இறுக்கம் வருபவர் முதலில் போக வேண்டிய இடம் டாக்டர் வீடு. பீடி, சிகரெட் பிடித்துக்கொண்டு நடந்து என்ன பயன்? உப்பையும் ஊறுகாயையும் பற்றி எல்லோரும் சொல்லியாகிவிட்டது.

பஸ், தபால் ஊழியர்களுக்குப் பிறகு மோரிஸ் அரசு ஊழியர்கள் பக்கம் போனார். ஒரு திங்கட்கிழமை காலை, முந்தைய வெள்ளியும் சனியும் என்ன செய்தீர்கள் என்று எழுதித் தரச் சொன்னார். மேசை வேலைக்காரர்களிலும், ஓய்வு நேரத்தில் மூச்சு வாங்க ஏதாவது செய்தவர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. அவரே லண்டன் ஹாம்ப்ஸ்டெட் ஹீத்தில் கோட்டைக் கழற்றிவிட்டு ஓடுவார். அந்தக் காலத்தில் பார்த்தவர்கள் பைத்தியம் என்று நினைத்தார்களாம்.

2005 டிசம்பரில் பழைய ரூட்மாஸ்டர் மாடி பஸ்கள் லண்டனின் வழக்கமான தடங்களிலிருந்து விலகின. கண்டக்டர் வேலையும் ஏறக்குறைய அவற்றோடு போயிற்று. அப்போது மோரிஸுக்கு 95 வயது. இன்னும் நீச்சலுக்குப் போய்க்கொண்டிருந்தார்.