குப்பைமேடும் பிஞ்சுக் கைகளும்

சென்னை நகரத்துக் குப்பை பல்லாண்டு காலம் ஈரமும் காய்ந்ததும் ஒன்றாய்க் கலந்து கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் மலையாய்க் குவிந்தது. கலந்தால் என்ன ஆகும்? அழுகும் குப்பையிலிருந்து மீத்தேன் கிளம்பும். தீப்பிடித்தால் நாள்கணக்கில் புகையும். நனைந்த காகிதத்துக்குப் பழைய பேப்பர் கடையில் விலை கிடையாது. அதனால் நாலு காசு பார்க்க நாளெல்லாம் கிளறணும். அம்மா அப்பா கை போதாமல் பிள்ளையும் சாக்கோடு இறங்குது. உடைந்த கண்ணாடி காலைக் கிழிக்குது.

14 வயதுக்குட்பட்டவரை வேலைக்கு வைக்க 2016 திருத்தச் சட்டம் தடை போட்டது. முதலாளியே இல்லாத இந்த வேலையில் யாரைப் பிடிப்பது?

எங்க வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். என் கூலி வேண்டாம்னு வீட்டில் தாங்கிக்கிட்டாங்க. அந்தப் பிள்ளை வீட்டிலும் தாங்க முடியணும்.

எருமப்பட்டியோ சென்னையோ, குப்பையை வீட்டிலேயே பிரிச்சுக் கொடுப்போம். பெரியவங்களுக்குக் காசு கூடினால், பிள்ளை சாக்கைக் கீழே வச்சுட்டுப் பள்ளிக்கூடம் போகும்!