பெயர் இல்லாத கதாசிரியர்கள்

பெருநாள் விடுமுறைக்கு வந்திருந்த என் சகோதரியின் மக்கள் இருவரும் பரணில் கிடந்த தகரப் பெட்டியைத் திறந்துவிட்டனர். என் பள்ளிப் பருவத்தில் காசு சேர்த்து வாங்கிய சித்திரக்கதைப் புத்தகங்கள் அதில் இருந்தன. இரண்டு நாட்களில் வீடு இரண்டு கட்சியாகிவிட்டது. மூத்தவன் இரும்புக்கை மாயாவியின் பக்கம். இளையவன் ஸ்பைடரின் பக்கம். அஸர் தொழுகைக்குப் புறப்படும்போது தொடங்கிய வாக்குவாதம், தொழுதுவிட்டுத் திரும்பி வந்து தேநீர் ஆறிப்போன பின்பும் ஓயவில்லை.

"மாமா, நீங்களே சொல்லுங்கள். இந்தக் கதையை எழுதியது யார்?" என்று இளையவன் கேட்டான். அட்டையைப் பார்த்தான்; உள்பக்கத்தைப் பார்த்தான்; பின்பக்கத்தையும் புரட்டினான். பதிப்பகத்தின் பெயர் இருந்தது, விலை இருந்தது. எழுதியவரின் பெயர் எங்கும் இல்லை.

சிவகாசியிலிருந்து 1972-இல் முத்து காமிக்ஸும், 1984-இல் லயன் காமிக்ஸும் வெளிவரத் தொடங்கிய நாட்களில் அவற்றைக் கையில் எடுத்த தலைமுறை நாங்கள். அந்தப் புத்தகங்களை எழுதிய கை எது என்று நாங்கள் ஒருபோதும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் தமிழ்ப் பதிப்பாளரைக் குறை கூறுவதற்கில்லை. மூலத்தை வெளியிட்ட ஆங்கில இதழ்களே பெரும்பாலும் எழுதியவரின் பெயரை அச்சிடுவதில்லை. மாயாவியின் கதை 1962-இல் பிரிட்டனின் 'வேலியண்ட்' வார இதழில் தொடங்கியது. முதலில் எழுதியவர் கென் பல்மர். பின்னர் நெடுங்காலம் எழுதியவர் டாம் டல்லி. ஸ்பைடரை 1965-இல் 'லயன்' இதழுக்காகப் படைத்தவர் டெட் கோவன். அவருக்குப் பின் அதனை எழுதியவர் ஓர் அமெரிக்கர். அவர் பெயர் ஜெர்ரி சீகல்.

இந்தப் பெயரைச் சொன்னபோது பிள்ளைகளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. "சூப்பர்மேனைப் படைத்தவர்" என்றதும் இருவரும் நிமிர்ந்து உட்கார்ந்தனர்.

சீகலும் ஓவியர் ஜோ ஷஸ்டரும் 1938-இல் சூப்பர்மேனின் உரிமையை விற்றது 130 டாலருக்கு. அந்தப் பாத்திரம் பிறர்க்குக் கோடிகளை ஈட்டித் தந்தது. படைத்தவர்களோ நீதிமன்றப் படியேறி, வேலையிழந்து, அச்சிலிருந்து தம் பெயரும் நீக்கப்பட்டு வாழ்ந்தனர். அப்படி ஒதுக்கப்பட்ட காலத்தில்தான் சீகல் கடல் கடந்த பிரிட்டிஷ் இதழுக்கு ஸ்பைடரை எழுதினார். சூப்பர்மேனைத் தந்த அதே கையெழுத்தின் வரிகளைத் தமிழில் படித்தோம் என்பது சிவகாசிப் புத்தகத்தை மடித்து வைத்திருந்த எங்களுக்குத் தெரியவே தெரியாது.

யார் எழுதினார்கள் என்பதை உலகுக்குச் சொன்னவர் எவர்? பதிப்பாளர்கள் அல்லர், பேராசிரியர்களும் விமர்சகர்களும் பெரும்பாலும் அல்லர். என் மருமக்களைப் போல ஓயாது வாதாடிய ரசிகர்களே.

டொனால்ட் டக் என்னும் வாத்தின் கதையிலிருந்து தொடங்கலாம். 1942 முதல் அமெரிக்காவில் வந்த அந்தப் புத்தகங்களில் வால்ட் டிஸ்னியின் பெயர் மட்டுமே இருந்தது. ஆயினும் எல்லாக் கதையும் ஒரே தரத்தில் இல்லை என்பதைச் சிறுவர்கள் கண்டுகொண்டனர். பெயர் தெரியாத அந்த ஒருவரை 'நல்ல ஓவியர்' என்றே குறிப்பிட்டனர். கோட்டின் வளைவையும் நகைச்சுவையின் போக்கையும் கொண்டே அவருடைய கதைகளைப் பிரித்தெடுத்தனர். 1960-இல்தான் ரசிகர் ஒருவர் அவர் யாரென்று கண்டறிந்து மடல் எழுதினார். அவர் கார்ல் பார்க்ஸ். படம் வரைந்தவரும் கதை எழுதியவரும் அவர் ஒருவரே. ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகள் தம் கதைகளுக்கு வாசகர் உண்டா என்பதையே அறியாமல் உழைத்த மனிதருக்கு அந்த மடல் எத்தகையதாக இருந்திருக்கும்!

அதே காலத்தில் ஜூலியஸ் ஷ்வார்ட்ஸ் என்ற பதிப்பாசிரியர் தம் இதழ்களின் கடிதப் பகுதியில் மடல் எழுதியோரின் முழு முகவரியையும் அச்சிடலானார். அதன் விளைவை அவரே எதிர்பார்த்திருப்பாரோ என்னவோ! வாசகர்கள் பதிப்பாளரை விட்டுவிட்டு ஒருவருக்கொருவர் எழுதத் தொடங்கினர். டெட்ராய்ட்டில் கல்லூரி ஆசிரியராக இருந்த ஜெர்ரி பெய்ல்ஸ், மிசௌரியைச் சேர்ந்த இளைஞர் ராய் தாமஸுடன் இணைந்து 1961-இல் 'ஆல்டர் ஈகோ' என்ற சிற்றிதழைத் தொடங்கினார். எந்தக் கதையை எவர் எழுதினார் என்று பட்டியலிடுவதே பெய்ல்ஸின் வாழ்நாள் வேலையாயிற்று.

அவர்கள் வாதாடிய கதாசிரியர்களுள் கார்ட்னர் ஃபாக்ஸும் பில் ஃபிங்கரும் முக்கியமானோர். ஃபாக்ஸ் சட்டம் பயின்றவர், அறிவியலும் வரலாறும் கலந்து ஆயிரக்கணக்கில் கதைகளை எழுதிக் குவித்தவர், கெடு தவறாதவர். ஃபிங்கரோ மெதுவாக எழுதுபவர். கெடு தவறுவதில் பேர் பெற்றவர். ஆனால் ஓவியனின் கண்ணால் சிந்திப்பவர். மாபெரும் தட்டச்சுப் பொறியின் விசைகள் மீது நாயகன் ஓடிச் சண்டையிடுவது போன்ற காட்சிகள் அவருடைய கற்பனையே. பயன்படும் என்று தோன்றிய செய்திகளையெல்லாம் ஒரு குறிப்பேட்டில் சேர்த்து வைத்தவர். எண்ணிக்கையைக் கொண்டு ஃபாக்ஸை உயர்த்துவோரும் உண்டு. என்னைக் கேட்டால், ஃபிங்கரின் ஒரு கதைக்கு மற்றவரின் பத்தைத் தரலாம். இதை மூத்த மருமகன் ஒப்பவில்லை, "நேரத்துக்குத் தராதவர் எப்படி நல்ல எழுத்தாளர்?" என்கிறான். பள்ளிப் பாடம் எழுதாமல் வைத்திருப்பவன் கேட்கும் கேள்வி அது!

ஃபிங்கரின் வரலாறு அந்த விவாதத்தைவிடக் கனமானது. 1939 மே மாத இதழில் பேட்மேன் முதன்முதலாக வந்தபோது பாப் கேன் என்ற ஓவியரின் பெயர் மட்டுமே இருந்தது. காலணிக் கடையில் விற்பனையாளராக இருந்த ஃபிங்கரைக் கேன் எழுத அழைத்திருந்தார். கேன் வரைந்து காட்டிய உருவத்தில் சிறிய முகமூடியும் விறைத்த சிறகுகளும் சிவப்பு உடையும் இருந்தன. தலையை மூடும் முகமூடியையும், சிறகுக்குப் பதிலாக மேலங்கியையும், கருமையும் சாம்பலும் கலந்த நிறத்தையும் சொன்னவர் ஃபிங்கர். முதல் கதையை எழுதியவர் அவர். புரூஸ் வேன் என்ற பெயரும் காதம் நகரம் என்ற பெயரும் அவர் இட்டவை. ஒப்பந்தத்தில் மட்டும் அவர் இல்லை.

1965-இல் நியூயார்க்கில் கூடிய ரசிகர் மாநாட்டில் ஃபிங்கர் மேடையேறிப் பேசினார். அவர் கூறியவற்றைக் கேட்ட பெய்ல்ஸ், பேட்மேனின் உண்மை வரலாறு இதுவென எழுதிச் சுற்றுக்கு விட்டார். கேன் சினந்து நெடிய மறுப்பு மடல் எழுதினார். ரசிகர் இதழ் ஒன்று அதையும் அச்சிட்டது. ஒரு சிற்றிதழின் சில நூறு பிரதிகளுக்குள் நடந்த அந்த வழக்கில், எழுத்தாளர் பக்கம் சாட்சி சொல்ல வேறு எவரும் இருக்கவில்லை. 1968 வாக்கில் ஃபாக்ஸ், ஃபிங்கர் போன்ற மூத்த எழுத்தாளர்கள் மருத்துவக் காப்பீடு முதலியவற்றைக் கேட்டபோது, அவர்களுக்கு வேலை தருவதே குறைந்துபோனது. ஃபிங்கர் 1974 ஜனவரியில் தம் 59-ஆம் வயதில் காலமானார். எந்தப் பேட்மேன் புத்தகத்திலும், அவரைப் படைத்தவருள் ஒருவராகத் தம் பெயரை அவர் பார்க்கவில்லை.

1989-இல் வெளியான தன்வரலாற்றில் கேன், ஃபிங்கருக்குரிய பங்கை மறுத்தது தவறு என்று ஒப்புக்கொண்டார். காலம் கடந்த வாக்குமூலம். அதனால் அச்சில் ஏதும் மாறவில்லை. மார்க் டைலர் நோபில்மன் என்ற எழுத்தாளர், ஃபிங்கரைப் பற்றி நூல் எழுதப் புறப்பட்டு, வாரிசே இல்லை என்று கருதப்பட்ட குடும்பத்தில் பேத்தி ஒருவர் இருப்பதைக் கண்டறிந்தார். அவருடைய நூல் 2012-இல் வந்தது. குடும்பம் உரிமை கேட்டது. 2015 செப்டம்பரில் நிறுவனம் இறங்கி வந்தது. கேனின் பெயரோடு ஃபிங்கரின் பெயரும் அதன்பின் திரையிலும் அச்சிலும் வருகிறது. இடையில் எழுபத்தாறு ஆண்டுகள் கழிந்திருந்தன.

சீகலுக்கும் ஷஸ்டருக்கும் சற்று முன்பே விடிந்தது. சூப்பர்மேன் திரைப்படம் தயாராகும் செய்தி 1975-இல் வந்தபோது சீகல் தம் நிலையைப் பத்திரிகைகளுக்கு எழுதினார். ஓவியர்களும் ரசிகர்களும் குரல் கொடுத்தனர். ஆண்டுக்கு 20,000 டாலர் உதவித்தொகையும், அதனினும் பெரிதாகப் பெயரும் மீண்டன.

ஸ்டான் லீயா, ஜாக் கிர்பியா என்ற வழக்கு மட்டும் இன்றளவும் தீரவில்லை. லீ கதைச் சுருக்கத்தைச் சொல்வார். கிர்பி அதைக் காட்சிகளாக விரித்து வரைவார். பின்னர் லீ உரையாடல் எழுதுவார். இப்படிப் பிறந்ததில் எழுதியவர் யார்? இருவரும் மறைந்துவிட்டனர், ரசிகர்கள் ஓய்ந்தபாடில்லை.

இன்று நிலை வேறு. 2014-இல் ஜெர்சி நகரத்துப் பாகிஸ்தானியக் குடும்பத்து முஸ்லிம் சிறுமி கமலா கானை 'மிஸ் மார்வல்' ஆக்கி எழுதிய ஜி. வில்லோ வில்சனின் பெயர் புத்தகத்தின் அட்டையிலேயே இருந்தது. இவர் இஸ்லாத்தைத் தழுவிய அமெரிக்கப் பெண்மணி. ஓவியர் அட்ரியன் அல்ஃபோனா, பதிப்பாசிரியர் சனா அமானத் ஆகியோரின் பங்கையும் எவரும் மறைக்கவில்லை. அந்நூல் 2015-இல் ஹியூகோ விருது பெற்றபோது யாருக்கு விருது என்று ரசிகர்கள் தேட வேண்டியிருக்கவில்லை.

இவற்றையெல்லாம் சொல்லி முடித்தபோது மஃரிபுக்கு நேரமாகிவிட்டது. தொழுதுவிட்டு வந்து பார்க்கிறேன்: இளையவன் ஸ்பைடர் புத்தகத்தின் முதல் பக்கத்தில் பென்சிலால் 'கதை: ஜெர்ரி சீகல்' என்று எழுதிவைத்திருந்தான். மூத்தவன் விடவில்லை. ஸ்பைடரைத் தொடங்கியவர் டெட் கோவன் ஆயிற்றே, இது அவர் எழுதிய கதையா, பின்னவர் எழுதியதா என்று மடக்கினான். ஸ்பைடர் இதில் கொள்ளையனாக வருகிறானா, கொள்ளையரை எதிர்ப்பவனாக வருகிறானா என்று பார்த்தால் தெரிந்துவிடும் என்று இளையவன் பக்கங்களைப் புரட்டத் தொடங்கினான். அவர்களுடைய உம்மா இரண்டாம் முறையாகச் சாப்பிட அழைத்துக்கொண்டிருந்தார்.